அவள் பார்க்காத அட்டைப்பெட்டி

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பாமல் நிற்கிறேன். திரும்பக் கூடாது என்பது யாரும் போட்ட சட்டம் இல்லை, நானாக வைத்துக்கொண்டது. திரும்பினால் ஹாலில் ஜன்னலோரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி தெரியும், அதில் யாரும் இருக்க மாட்டார்கள், அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எதுவும் கேட்காது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். ரயிலை விட்டு இறங்கிவிட்டேன், ஆட்டோவில் ஏறப்போகிறேன் என்று மகள் வாணி போன் செய்துவிட்டாள். “பால் கீல் ஏதாச்சு வாங்கீட்டு வரட்டுங்ளாப்பா?” என்றாள். “எல்லாம் இருக்குது அம்மிணி, நீ வா” என்றேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஈரோட்டு ரோடுகள் காலியாகக் கிடக்கும், ஆட்டோ பறந்து வந்துவிடும். அதற்குள் என் வீட்டுக்காரி மயிலாத்தாள் ஒரு வார்த்தை பேச வேண்டும். பால் பொங்குது என்றாவது. இல்லை, அது வேண்டாம். பால் பொங்குது என்பதை அவள் உயிரோடு இருந்த காலமெல்லாம் சொல்லியிருக்கிறாள், அது என் மண்டைக்குள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதைக் கேட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. புதிதாக ஒன்று சொல்ல வேண்டும். கார்ன்ஃப்ளேக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாணி சும்மா வரவில்லை. போன வாரம் போனில் ஒரு பந்தயம் மாதிரிப் பேசினாள். “ஒரு நாளைக்கு நான் வர்றேன், எனக்குச் சமைச்சுப் போடுங்கப்பா. வாயில வெக்கிற மாதிரி இருந்துச்சுன்னா நீங்க அங்கயே இருங்க, நான் வாயத் தொறக்கல. இல்லீன்னா என்கூட மெட்ராஸ் வந்தரோணும். வூட்டக் காலி பண்ணிக் குடுத்தர்லாம்.” எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அப்பா தனியா பேசிக்கறார், அடிக்கடி கருகல் வாடை வருது, எனக்குப் பயமா இருக்கு வாணி. டீச்சர் நல்லவர். பொய் சொல்ல மாட்டார். கருகல் வாடை வந்தது உண்மை, நான் பேசியதும் உண்மை, தனியாகப் பேசினேன் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதை டீச்சரிடம் எப்படி விளக்குவது, வாணியிடம்தான் எப்படி விளக்குவது. பால் ஓரத்தில் நுரை கட்டுகிறது. அடுப்பைத் தணிக்கிறேன். இட்லி வெந்து ஹாட்பாக்ஸில் இருக்கிறது, சட்னி தாளித்தாகிவிட்டது, கறிவேப்பிலை கருகவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் இப்படிச் சரியாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சமையல் படித்தது முதுகால். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவன், வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை மோந்து குடித்தவனில்லை. மயிலாத்தாளுக்குச் சர்க்கரை கூடிக் கால் புண்ணாகி நிற்க முடியாமல் போனபோது, அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, நான் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றேன். அவளுக்கு என் முதுகு தெரியும். எனக்கு அவள் குரல் தெரியும். அவள் சட்டியைப் பார்க்கவே மாட்டாள், பார்க்கவும் முடியாது. காதாலும் மூக்காலும் சமைத்தாள். “கடுகு வெடிச்சு முடிஞ்சுதுங், இன்னும் என்ன வேடிக்க பாக்கறீங்?” “ஏனுங், அது வெங்காயம் வதங்கற சத்தமா? தண்ணி விட்டுருக்குது, தீயக் கூட்டுங்.” “புளி பச்சையா வாசம் அடிக்குது, உங்க ரசத்தக் குடிக்கறதுக்கு நான் மாத்திரயே முழுங்கிக்கறேன்.” சிரிப்பாள். நான் திரும்பாமலே கரண்டியை ஆட்டிக் காட்டுவேன். அவளுடைய காப்பிக்கு மட்டும் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பொட்டு மாத்திரை. அடுப்பில் இருக்கும்போது போட்டால் இனிப்பு ஓடிப்போய்விடும், இறக்கி ஆற்றிய பிறகு போட வேண்டும் என்பாள், போட்டுக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, “முன்னால இனிக்குது, பொறகால கசக்குது, பொய் சொல்றவன் பேச்சு மாதிரி” என்பாள். கடைசியில் காப்பியையே விட்டாள். அவள் போன பிறகும் அடுப்புக்கு முன்னால் நின்றால் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. பழகிப்போன சத்தம் நின்ற பிறகும் காதில் கொஞ்ச நாள் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் இரவு தலையணையில் அது உறுமிக்கொண்டிருக்கும். அப்படித்தான் இதுவும் என்று எடுத்துக்கொண்டேன். கார்ன்ஃப்ளேக்ஸ் வரும்வரை.

அந்தப் பெட்டியை வாணிதான் அனுப்பினாள். அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்து அவள் மெட்ராஸ் போன பிறகு ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். “அடுப்பே பத்த வெக்க வேண்டாம்ப்பா, பால ஊத்திக் குடிச்சுக்கங்க” என்றாள். ஊற்றினேன். இரண்டு வாய் மொறுமொறுவென்று இருந்தது, மூன்றாவது வாய்க்குள் ஊறித் தொளதொளத்துத் தவிட்டுத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பல்லுக்கும் இல்லை, தொண்டைக்கும் இல்லை. ஆனால் மகள் வாங்கி அனுப்பியதை எப்படி வீசுவது. அவலைப் போலத்தானே தட்டையாக இருக்கிறது, உப்புமா கிண்டினால் ஆச்சு என்று ஒரு நாள் சாயங்காலம் பாதிப் பெட்டியை அரிக்கிற சட்டியில் கொட்டினேன், தண்ணீர் விட்டுக் கல் அரிக்கிற மாதிரி அலசினேன், இரண்டாம் முறையும் அலசினேன், பிழிந்து வைத்தேன். பிழிந்தது கையிலேயே மாவாக ஒட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் பின்னால் கேட்டது. “அதென்ன அவலுங்ளா, குளிப்பாட்டி எடுக்கறீங்?” அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு, மூச்சு முட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. இந்தப் பெட்டி இந்த வீட்டுக்குள் வந்தபோது மயிலாத்தாள் இல்லை. அவள் கார்ன்ஃப்ளேக்ஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூட என் மண்டைக்குள் இருக்க வழியில்லை. அப்படியானால் அதை எங்கிருந்து கேட்டேன்?

லைனில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்காமல் கை வைக்கிறவன் லைன்மேன் இல்லை. நான் சோதிக்க ஆரம்பித்தேன். அவள் சொல்கிறவற்றை இரண்டாகப் பிரித்தேன். சாம்பாருக்கும் ரசத்துக்கும் சொல்வதெல்லாம் பழசு, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அந்தப் பெட்டிக்குச் சொல்வது மட்டும்தான் புதுசு. அதனால் அந்தப் பெட்டியையே சமைத்தேன். நிலக்கடலையும் கறிவேப்பிலையும் போட்டு எண்ணெயில் வறுத்து மிக்சர் மாதிரி செய்தேன். “சட்டி நெறைய வெச்சுட்டுக் கெளறாதீங், அப்பளத்த ஒடைக்கற மாதிரி நொறுங்குது பாருங்.” நொறுக்கி, வாழைக்காய் மசியலைத் தட்டி அதில் புரட்டித் தோசைக்கல்லில் சுட்டேன். “ரஸ்க்குத் தூள் மாதிரியே இருக்குதே, பரவால்லீங், கெட்டிக்காரர்தான்.” வாணி மாதா மாதம் ஒரு பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள்; ஒரு மாதம் தேன் படம் போட்ட பெட்டி வந்தது, அதில் நாட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றி உருண்டை பிடித்தேன், பிடிக்கும்போதே, “அதுலயே இனிப்புக் கெடக்குதுங்ளே, மேல எதுக்குக் கொட்டறீங்?” என்றாள். பெட்டியைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். சர்க்கரை என்று இருந்தது. எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை பல் துலக்கும்போது நினைப்பு வந்தது, பாகு காய்ச்சும்போது நாலு செதிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேனே. நாக்குக்குத் தெரிந்திருக்குமே. நாக்கு தெரிந்துகொண்டது எனக்குத் தெரியாமல் இருந்து, பிறகு அவள் குரலில் வந்திருந்தால்? அங்கே போய் நின்றது யோசனை. அதற்கு மேல் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. கம்பியில் மாட்டிய பட்டம் மாதிரி காற்று அடிக்கும்போதெல்லாம் அது படபடத்துக்கொண்டே இருக்கிறது.

அதைவிட மோசமானது பிறகுதான் வந்தது. எனக்குக் கை பழகிவிட்டது. எண்ணெய் எப்போது காய்ந்தது என்று தெரிகிறது, எதை எப்போது இறக்க வேண்டும் என்று கை தானாகப் போகிறது. தப்பில்லாத இடத்தில் அவளுக்கு என்ன வேலை? பேச்சுக் குறைந்தது. ஒரு வாரம் முழுக்க ஒன்றுமில்லை. பாராட்டுவதற்கென்று வாயைத் திறக்கிற பெண்ணில்லை அவள், என்றைக்கும் இல்லை. அதனால் நான் தப்பாகச் செய்ய ஆரம்பித்தேன். கடுகைக் கருகவிட்டேன். வெறும் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். வெல்லத்தைக் கொதிக்கிற பாலில் போட்டுத் திரியவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு, சொல்லு மயிலா, திட்டு மயிலா என்று வாய்விட்டுக் கேட்டேன். டீச்சர் கேட்டது அதைத்தான். சில நாள் திட்டினாள், ஆனால் எல்லாம் பழசு, தேய்ந்த பழசு, நானே உதட்டை அசைத்துக்கொள்கிற மாதிரி. வேண்டுமென்றே செய்கிற தப்பு அவளுக்குத் தெரிகிறதோ என்னவோ. ஏமாற்றுகிறேன் என்று கோபமோ என்னவோ.

இது பாயசத்துக்கான பால், இப்போது இதில் நாட்டுச் சர்க்கரையைப் போடக் கூடாது, இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் போட வேண்டும். இது நன்றாகத் தெரியும். கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். போட்டால் திரியும். திரிந்தால் வாணி வந்து பார்ப்பாள், பந்தயம் போச்சு, மெட்ராஸ். போடாவிட்டால் பாயசம் நன்றாக வரும், நான் இங்கேயே இருக்கலாம், ஆனால் மயிலாத்தாள் பேச மாட்டாள். பேசாதவளுக்குப் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் இவ்வளவு பாடா? ஆனால் போய்விட்டால். போய்விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் யோசிக்கக் கூடாது, யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. வீட்டைக் கழுவிவிடுவார்கள். வெள்ளையடிப்பார்கள். வேறு குடும்பம் வரும், ஒரு சின்னப் பெண் இந்த அடுப்பு மேடையில் நின்று வெங்காயம் வதக்குவாள், தண்ணீர் விட்டிருக்கும், தீயைக் கூட்டு என்று ஜன்னலோரமிருந்து மயிலாத்தாள் சொல்வாள், அந்தப் பெண்ணுக்குக் கேட்காது. மறுபடியும் சொல்வாள். காலில் புண்ணோடு எழுந்து வரவும் முடியாமல், யார் முதுகு இது என்றும் தெரியாமல், அவர் எங்கே போனார் என்று கேட்கவும் ஆளில்லாமல், ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு அடுப்புச் சத்தத்துக்கும். அதுவரை வீடு பூட்டியிருந்தால் அந்தச் சத்தமும் இருக்காது. பால் ஏறுகிறது. ஏடு விரிந்து நடுவில் பிளக்கிறது. “மயிலா” என்கிறேன். “இதுல அந்தக் கார்ன்ஃப்ளேக்ஸ எப்பப் போடறது? எனக்குத் தெரியல. நெசமாலுமே தெரியல.” இது நடிப்பில்லை. பாயசத்தில் இதுவரை நான் அதைப் போட்டதில்லை. இறக்கப்போகும்போது கொட்டி மூடிவைத்தால் சரியாக இருக்கும் என்று ஒரு யோசனை, அவ்வளவுதான். காது கொடுத்து நிற்கிறேன். குக்கர் ஒன்று மாடியில் விசில் அடிக்கிறது. குழாய் சொட்டுகிறது. ஹாலில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைக்கிறேன். சர்க்கரையைப் போடவில்லை.

“ஏம்ப்பா, கதவத் தொறந்து போட்டுட்டு நிக்கறீங்? யாராச்சு உள்ள வந்தா?”

“வந்தா வரட்டும். இட்லி சாப்ட்டுட்டுப் போவான்.”

வாணி சிரிக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து சுற்றிலும் பார்க்கிறாள். மேடையைப் பார்க்கிறாள், பாத்திரங்களைப் பார்க்கிறாள், வாணலியின் அடியைக்கூடத் திருப்பிப் பார்க்கிறாள். பார்க்கவில்லை என்கிற மாதிரி பார்க்கிறாள். மெலிந்திருக்கிறாள். முகம் கறுத்திருக்கிறது. ரயிலில் தூங்கவில்லை போலிருக்கிறது. ஹாலில் உட்காரவைத்து இட்லி போடுகிறேன். ஒரு விள்ளலைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள்.

“நெசமா நீங்கதான் ஆட்டினீங்ளா? இல்ல டீச்சர் குடுத்துச்சா?”

“டீச்சர் இட்லிய எடுத்து நாய அடிக்கலாம் அம்மிணி.”

“சத்தமாப் பேசாதீங்க, கேட்டுரும்.” இன்னொன்று வைத்துக்கொள்கிறாள். நிறுத்தி, மெதுவாக மெல்கிறாள். “சரிப்பா. நான் தோத்துட்டேன். நல்லாத்தான் இருக்குது. என்னோடத விட நல்லா இருக்குது. நீங்க இங்கயே இருங்க. நான் இனி அந்தப் பேச்ச எடுக்கல.”

ஜெயித்துவிட்டேன். அவ்வளவுதான், இத்தனை சுலபமாக. ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு நின்றதற்குச் சந்தோஷம் வர வேண்டும். வரட்டும் என்று காத்திருக்கிறேன். ஹாலில் மூன்று பேருக்கான இடம் இருக்கிறது, இரண்டு பேர் இருக்கிறோம். அது மட்டும்தான் தெரிகிறது.

“பாயசம் கொண்டாறேன், நீ அனுப்பின பெட்டியத்தான் அதுல போடோணும்” என்று எழுகிறேன்.

“எனக்குச் சக்கர போடாம எடுத்து வையுங்ப்பா.” கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுக்கிறாள். கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு பொட்டு மாத்திரை விழுகிற டப்பா. அந்த டப்பாவை எனக்குத் தெரியும். வேறு ஒருத்தியின் முந்தானை முடிச்சில் பார்த்திருக்கிறேன்.

“எப்ப இருந்து?”

“அம்மா இருக்கறப்பவே. அம்மாகிட்டச் சொல்ல வாய் வரல. பொறகு உங்ககிட்டயும் சொல்ல வாய் வரல.” டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். “கட்டுலதான் இருக்குதுப்பா. நான்தான் நேரத்துக்குச் சாப்படறதில்ல. ஆபீஸ் போய்ட்டு வந்து அடுப்புக்கிட்ட நிக்கவே பிடிக்க மாட்டீங்குது. அந்தப் பெட்டியத்தான் நானும் பால்ல போட்டுத் திங்கறேன். உங்களுக்கு அனுப்பறப்ப எனக்கும் ஒண்ணு.” பிறகு பட்டென்று எழுந்துகொள்கிறாள், அழுகையை மறைக்க அவள் அம்மாவும் இப்படித்தான் வேலையைத் தேடி எழுவாள். “நீங்க உக்காருங். நின்னுட்டே இருந்துருப்பீங் காலைல இருந்து. நான் ஊத்தீட்டு வர்றேன்.”

உட்காருகிறேன். பக்கத்தில் இருந்தது ஜன்னலோரத்து நாற்காலி, அதில்தான் உட்காருகிறேன், இதுவரை உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து சமையலறை வாசலுக்குள் அவள் முதுகு தெரிகிறது. சட்டி தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைக்கிறாள், பால் மறுபடி சூடாகிற சத்தம், அடியில் இருந்து சின்னச் சின்னதாகக் கிளம்பி மேலே வருகிறது, இன்னும் கொதிக்கவில்லை, இதோ கொதிக்கப்போகிறது. மேடையில் இருந்த பெட்டியை எடுக்கிறாள். உள்ளுறை கரகரவென்று பிரிகிற சத்தம். அவள் கை உயர்கிறது.

“இப்பப் போடாத கண்ணு. கொழஞ்சு கூழாயிரும். ஒரு சொட்டு நெய்யில ஒரு சிட்டிக உப்புப் போட்டுப் பொரட்டி எடுத்துக்க, டம்ளர்ல ஊத்தினதுக்கு அப்பறம் மேல தூவு. மாத்திரையும் அப்பப் போட்டாப் போதும்.”

“சரிம்மா” என்கிறாள் வாணி, திரும்பாமலே, கை நெய்க் கிண்ணத்துக்குப் போகிறது.

போன கை நிற்கிறது. அடுப்பு மட்டும் எரிகிற சத்தம். என் தொண்டை காய்ந்திருக்கிறது, பேசி முடித்த தொண்டை மாதிரி. உதடு ஈரமாக இருக்கிறது. கண்ணு என்று நான் வாணியைக் கூப்பிட்டதே இல்லை, எனக்கு அவள் என்றைக்கும் அம்மிணிதான். இனிப்புப் பாயசத்துக்கு மேலே உப்பு போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது, இந்தத் தடவை ஒரு செதிலைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, அதில் உப்பையும் நெய்யையும் சேர்த்து யோசித்ததும் இல்லை. யோசனை அந்தக் கம்பியில் போய் மாட்டப் பார்க்கிறது. மாட்டவில்லை. எது யாருடையது என்று பிரிக்கிற வேலையை இந்த ஒரு தடவை நான் செய்யவில்லை. வாணி திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருக்கிறேன். திரும்பவில்லை. அவளும் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறாள், தோள் இரண்டும் ஒரு முறை ஏறி இறங்குகிறது, பிறகு நெய் உருகுகிற வாசம் வருகிறது, பிறகு உப்பு ஜாடியின் மூடி திறக்கிற சத்தம். இங்கே வரைக்கும் எல்லாம் கேட்கிறது. இங்கே உட்கார்ந்தால் எவ்வளவு கேட்கிறது. நெய் கொஞ்சம் அதிகம் விட்டுவிட்டாள், சத்தமே சொல்கிறது. பரவாயில்லை. இன்னொரு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு டம்ளரோடு வந்து தரையில் உட்காருகிறாள். கண் சிவந்திருக்கிறது. ஒரு வாய் குடிக்கிறாள், மேலே இருக்கிற செதில் அவள் பல்லில் உடைகிறது. நன்றாக உடைகிறது.

“அம்மிணி, உங்க வூட்டுச் சமையக்கட்டு எப்படி இருக்கும்?” என்கிறேன். “வந்தப்பெல்லாம் ஹால்லயே உக்காந்துட்டு வந்துட்டேன். எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.

“சின்னதுதாம்ப்பா” என்கிறாள். “ஆனா ஹால்ல ஒரு சேர் போட்டா, அடுப்புச் சத்தம் கேக்கும்.”